சுட்ட இறைச்சிக்கு எந்தப் பியர்? மசாலாவிலிருந்து தொடங்குங்கள்

நீங்கள் கேட்டது இதுதான்: ஆடி மாத விடுமுறைக்குக் கனடாவிலிருந்து தம்பி குடும்பம் வருகிறது, கல்லடியில் வீட்டு முற்றத்தில் கோழி, மாட்டிறைச்சி, இறால், கொடுவா மீன் எல்லாம் தணலில் சுட எண்ணியிருக்கிறீர்கள், எந்தப் பியர் வாங்கினால் பொருந்தும்? கேள்வியின் கடைசியில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். சென்ற முறை ஸ்ட்ரோங் பியர் வாங்கி வைத்தீர்கள், ஆளாளுக்கு உறைப்புத் தாங்க முடியவில்லை என்று தண்ணீர் தேடினார்கள், இறைச்சியும் மிஞ்சியது, பியரும் மிஞ்சியது என்று. நீங்கள் உண்மையில் கேட்பது அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போவது எனக்கு எளிது. ஆனால் சென்ற முறை ஏன் பிழைத்தது என்பது விளங்காமல் எந்தப் பெயரை வாங்கினாலும் அதே கதைதான் நடக்கும்.

நான் ஹோட்டல் துறையில் உணவு, பானம் இரண்டையும் முறையாகப் படித்துவிட்டு, பாசிக்குடாக் கரையிலுள்ள ஹோட்டல்களில் பல வருடங்கள் தணல் அடுப்புக்கு முன்னால் நின்றவன். எதைக் குடித்தால் தட்டுக் காலியாகிறது, எதைக் குடித்தால் பாதியில் நிற்கிறது என்று கவனிப்பதும் என் வேலையாக இருந்தது. கீழே சொல்லப்போகிறவற்றில் சில, இரசாயனமும் உடலியலும் உறுதிசெய்தவை. சில, நாக்கின் தீர்ப்பு மட்டுமே. எது எந்த வகை என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இணையத்தில் தேடினால் கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எழுதப்பட்டவை. டெக்சாஸில் பார்பிகியூ என்றால், மாட்டின் நெஞ்சுப் பகுதியை ஓக் விறகின் புகையில், 110 முதல் 130 பாகை செல்சியஸ் வரையான இளஞ்சூட்டில், பத்து மணித்தியாலம் அல்லது அதற்கும் மேலாக வைத்து வேகவிடுவது. கன்சாஸ் சிட்டியில் தக்காளியும் வெல்லப்பாகும் சேர்ந்த இனிப்புச் சோஸ் பூசுவார்கள். வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் பன்றி இறைச்சிக்கு வினாகிரியும் மிளகாயும். நாம் முற்றத்தில் செய்வது இவற்றில் எதுவும் இல்லை. சிரட்டைக் கரித் தணலில், மெல்லிய துண்டுகளை, நேரடிச் சூட்டில், பத்து இருபது நிமிடத்தில் சுட்டு எடுத்துவிடுகிறோம். சிரட்டைக் கரி கடுஞ்சூடு தரும். நன்றாகப் பற்றிய பிறகு அதில் புகை மிகக் குறைவு. ஆகவே நம் தட்டில் புகை மணம் கொஞ்சம்தான். மேலே கருகிய மணம், கொச்சிக்காய், தேசிக்காய், உள்ளி, இஞ்சி ஆகியவைதான் அங்கே ஆட்சி செய்கின்றன. புகைக்கும் இனிப்புச் சோஸுக்கும் பொருத்தம் பார்த்து எழுதிய பட்டியலை அப்படியே எடுத்து உறைப்புக்கு முன்னால் வைத்தால் அது ஒத்துவராது.

உறைப்பு வாயில் என்ன செய்கிறது என்று பாருங்கள். கொச்சிக்காயில் இருக்கும் கெப்சைசின் என்ற பொருள், சூட்டை உணர்வதற்கென்று நாவில் உள்ள நரம்பு வாயில்களைத் திறந்துவிடுகிறது. அதனால்தான் குளிர்ந்த சம்பலும் நாக்கைச் சுடுகிறது. கெப்சைசின் தண்ணீரில் கரைவது மிகச் சொற்பம். கொழுப்பிலும் அற்ககோலிலும் நன்றாகக் கரையும். இதைக் கேட்டவுடன், அற்ககோல் கூடிய பியர் உறைப்பைக் கழுவிக்கொண்டு போகுமே என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. பியரில் இருக்கும் அளவு அற்ககோல் கெப்சைசினைக் கரைத்து அகற்றப் போதாது. ஆனால் அற்ககோல் தானே அதே நரம்பு வாயிலைத் தூண்டும். சாதாரணமாக ஏறக்குறைய 42 பாகையில் திறக்கும் அந்த வாயில், அற்ககோல் பட்டால் 34 பாகை அளவிலேயே திறக்கிறது என்று ஆய்வுகூடத்தில் அளந்திருக்கிறார்கள். நம் உடலின் சூடே 37 பாகை. அதாவது கொச்சிக்காயும் அற்ககோலும் ஒரே கதவைத்தான் தள்ளுகின்றன. பியரில் குமிழிவிடும் காபனீரொட்சைட்டும் வாயில் அமிலமாக மாறி மெல்லக் குத்தும். இவ்வளவும் உறுதியானவை. பியரின் கசப்பும் உறைப்பைக் கூட்டிக் காட்டும் என்று சுவைத்துப் பழகியவர்கள் பலர் சொல்வார்கள். நானும் மேசைகளில் அப்படித்தான் கண்டிருக்கிறேன். அதை மட்டும் நாக்கின் தீர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சென்ற முறை நடந்தது விளங்கியிருக்கும். சாதாரண லயன் லாகரில் அற்ககோல் 4.8 சதவீதம். லயன் ஸ்ட்ரோங்கில் 8.8 சதவீதம். 625 மில்லிலீற்றர் பெரிய போத்தல் ஒன்றைக் கணக்கிட்டால், லாகரில் 30 மில்லிலீற்றர் தூய அற்ககோல் இருக்கிறது, ஸ்ட்ரோங்கில் 55. நம் நாட்டுச் சாராயம் வழக்கமாக 33.5 சதவீதம், 180 மில்லிலீற்றர் கால் போத்தலில் 60 மில்லிலீற்றர் அற்ககோல் வருகிறது. பெரிய ஸ்ட்ரோங் ஒன்றைக் குடித்தவர் ஏறத்தாழக் கால் போத்தல் சாராயம் குடித்தவர்தான். கொடுத்த காசுக்கு வேகமாக ஏறுகிறது என்பதற்காகத்தான் பெரும்பாலானோர் அதை வாங்குகிறார்கள். சாப்பாட்டுக்குத் துணையாக அது நிற்காது. தொண்டையில் ஒரு சூடு, அதற்கு மேல் கொச்சிக்காய்ச் சூடு, அதற்கும் மேல் தணல் பக்கத்து வெக்கை. ஆட்கள் தண்ணீர் தேடியதில் வியப்பில்லை. ஆகவே முதல் பதில்: ஸ்ட்ரோங்கை இந்த முறை கடையிலேயே விட்டுவிடுங்கள்.

உறைப்பாகப் பூசிய எதற்கும் சாதாரண லாகர்தான் நல்லது. லயனோ, கார்ல்ஸ்பேர்க்கோ, டைகரோ, ஹைனெக்கனோ, எதுவானாலும் சரி. இவை எல்லாமே 1842ஆம் ஆண்டு பொஹீமியாவின் பில்சன் நகரில் முதன்முதலில் வடிக்கப்பட்ட பொன்னிறப் பியரின் வழிவந்தவை. கசப்பு அடக்கமானது, வாயில் இலேசானது, குமிழி நிறைந்தது. கோழித் தோலின் கொழுப்பும், பூசிய எண்ணெயும் நாவில் படிந்து கிடக்கும்போது குமிழியும் மெல்லிய கசப்பும் அதை அகற்றி, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக்கும். குளிர்ச்சியோ அந்த நரம்பு வாயிலை ஒரு கணம் மூடிவைக்கும். ஒரு கணம்தான், விழுங்கிய பிறகு உறைப்புத் திரும்பி வரும். எந்தப் பியரும் உறைப்பைத் தீர்த்துவிடாது, அதைத் தாங்கக்கூடியதாக்கும், அவ்வளவுதான். உண்மையாகவே உறைப்பை அகற்றுவது பால் வகைகள். பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் கெப்சைசினைப் பற்றிக்கொண்டு போகிறது. மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதற்கு வழி தேட வேண்டியதில்லை. ஒரு முட்டி எருமைத் தயிரை வாங்கி, வெள்ளரிக்காயும் சின்ன வெங்காயமும் உப்பும் சேர்த்துக் கலக்கி மேசையின் நடுவில் வையுங்கள். பியர் தெரிவைவிட அது உங்கள் விருந்தினரை அதிகம் காப்பாற்றும். மேலே சொன்ன வர்த்தகப் பெயர்களில் எது சிறந்தது என்று கேட்டால், கொச்சிக்காய் பூசிய கோழியோடு கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தால் பெரும்பாலானோருக்கு வித்தியாசம் பிடிபடாது என்பதே என் கருத்து. எது புதியதாக, நன்றாகக் குளிர்ந்து இருக்கிறதோ அதுவே சிறந்தது.

ஸ்டவுட் வேறு உலகம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் நாட்டில் வடிக்கப்படும் மிக நல்ல பியர் லயன் ஸ்டவுட்தான் என்று மனதார நம்புகிறவன் நான். நம்மவர்களோ அதை உடம்புக்குத் தெம்பு தரும் மருந்து என்று நினைத்து மூலையில் ஒதுக்கிவிடுகிறார்கள். தெம்பு தரும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, அதை விட்டுவிடுங்கள். அதன் சுவையைப் பாருங்கள். முளைகட்டிய பார்லியைக் கருக வறுத்துச் சேர்ப்பதால் கோப்பி, கறுப்புச் சொக்லேட், பனங்கட்டி மணங்கள் அதில் வருகின்றன. தானியம் வறுபடும்போதும் இறைச்சியின் மேற்புறம் தணலில் கருஞ்சிவப்பாக மாறும்போதும் நடப்பது ஒரே வினை: சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் இணைவது. 1912இல் அதை விவரித்த பிரெஞ்சு விஞ்ஞானி மெய்லார்டின் பெயராலேயே அதை அழைக்கிறோம். சுட்ட இறைச்சியும் ஸ்டவுட்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வது அதனால்தான். அயர்லாந்தின் ஸ்டவுட் வறண்டது, கசப்பானது. வெப்ப நாடுகளில் வடிக்கப்படும் ஸ்டவுட் அதைவிட இனிப்பானது, கனமானது; நம்முடையது இந்த வகை. அந்த மெல்லிய இனிப்புத்தான் அதை மாட்டிறைச்சிக்கு அருகில் உட்கார வைக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. லயன் ஸ்டவுட்டிலும் அற்ககோல் 8.8 சதவீதம்தான். ஸ்ட்ரோங்கைப் பற்றிச் சொன்ன குறை இதற்கும் பொருந்தும், உறைப்புக்கு முன்னால் வைத்தால். ஆகவே ஸ்டவுட் குடிக்கப்போகும் இறைச்சிக்குக் கொச்சிக்காய் போடக் கூடாது. நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே இதுதான். வெளிநாட்டில் உள்ளவருக்குக் கடை அலுமாரியில் நூறு வகைப் பியர் இருக்கும். தட்டுக்கு ஏற்றதை அவர் தேடிப் பிடிக்கலாம். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ நமக்கு லாகர், ஸ்ட்ரோங், ஸ்டவுட் என்று மூன்று வகைதான். அந்த மூன்றையும் நாம் மாற்ற முடியாது. பூசும் மசாலா நம் கையில் இருக்கிறது. பியருக்கு ஏற்ற மாதிரி மசாலாவைப் பிரித்துவிட்டால், மூன்று வகை இருக்கும் கடையிலிருந்தே நல்ல விருந்து வைக்கலாம்.

மாட்டிறைச்சியை இப்படிச் செய்து பாருங்கள். கொச்சிக்காய்த்தூளை அடியோடு விட்டுவிட்டு, இடித்த மிளகு, உள்ளி, வறுத்த மல்லி, கொஞ்சம் கருவா, உப்பு. மிளகின் உறைப்பு கொச்சிக்காய் போல நின்று எரியாது. அளவோடு போட்டால் ஸ்டவுட்டோடு நன்றாகச் சேரும். தணலிலிருந்து எடுப்பதற்கு மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போது கித்துள் பாணியும் தேசிக்காய்ப் புளியும் கலந்து மேலே தடவுங்கள். முன்னதாகத் தடவினால் சர்க்கரை கருகிக் கசந்துவிடும். அந்தப் பாணியின் இனிப்பும் ஸ்டவுட்டின் இனிப்பும் சம அளவில் நிற்க வேண்டும்; இறைச்சி பியரைவிட இனிப்பாகிவிட்டால் பியர் வெறும் கசப்பாகத் தெரியும். பன்றி இறைச்சி சாப்பிடுகிறவர்கள் இருந்தால் இதே பூச்சு அதற்கும் மிக நன்றாக வரும். கோழிக்கு நீங்கள் வழக்கமாகப் போடும் தயிர், கொச்சிக்காய், மஞ்சள், இஞ்சி, உள்ளி அப்படியே இருக்கட்டும். அதற்கு லாகர் இருக்கிறது. கொச்சிக்காயை மட்டும் பாதியாகக் குறையுங்கள். உறைப்பு வேண்டும் என்கிறவருக்கு ஒரு கிண்ணத்தில் கொச்சிக்காய்ச் சம்பல் வைத்துவிட்டால் போயிற்று. கனடாவில் வளர்ந்த பிள்ளைகளும் வருவார்கள் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

கடலுணவுக்கு வந்தால், கொடுவாவை மசாலா போட்டு மூழ்கடிக்காதீர்கள். வாவியில் பிடித்த புதுக் கொடுவா கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு அதன் சுவையை மறைப்பது எனக்குப் பொறுக்காது. உப்பு, மஞ்சள், தேசிக்காய், பச்சைக் கொச்சிக்காய் ஒன்றிரண்டு, வாழையிலையில் சுற்றித் தணலில். லாகர் அதற்குப் போதும். அந்த லாகரில் ஒரு துண்டுத் தேசிக்காய் பிழிவது சிலருக்குப் பிடிக்காது. மீனோடு குடிக்கும்போது எனக்குப் பிடிக்கும். இறாலில்தான் ஒரு வியப்பு இருக்கிறது. ஓட்டோடு, உப்பும் வெண்ணெயும் மட்டும் தடவிச் சுட்ட இறாலுக்கு ஸ்டவுட் மிக அழகாகப் பொருந்தும். அயர்லாந்திலும் இலண்டனிலும் ஸ்டவுட்டோடு சிப்பி சாப்பிடும் பழைய வழக்கம் உண்டு. கடலின் உப்பும் வறுத்த தானியத்தின் கசப்பும் சேர்வதுதான் அங்கும் காரணம். ஹோட்டலில் விருந்தினர் இறாலுக்கு லாகர் கேட்டால் லாகரே கொடுத்தேன், கூடவே ஒரு சின்னக் கிளாஸில் ஸ்டவுட்டும் வைத்தேன். அடுத்த போத்தல் பெரும்பாலும் ஸ்டவுட்டாகத்தான் இருந்தது. கணவாய்க்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: கடுந்தணல், இரண்டு மூன்று நிமிடம், லாகர்.

தம்பி வரும் வழியில் விமான நிலையத்தில் ஏதாவது வாங்கி வரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கிடைத்தால் ஜேர்மனியின் பவேரியாப் பகுதிக் கோதுமைப் பியர் இரண்டு மூன்று வாங்கிவரச் சொல்லுங்கள். அதன் நொதியம் கராம்பு மணத்தையும் வாழைப்பழ மணத்தையும் தானாகவே உண்டாக்கும். அந்தக் கராம்பு மணத்துக்குரிய பொருள், விறகுப் புகைக்கு மணம் தரும் குவாயகோலின் நெருங்கிய உறவு. கசப்பும் மிகக் குறைவு. கோழிக்கும் வாழையிலைக் கொடுவாவுக்கும் அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் குடித்ததில்லை. மேல்நாட்டில் இப்போது பெயர் பெற்றிருக்கும், பியருக்குக் கசப்புத் தரும் ஹொப்ஸ் பூவை அள்ளிப்போட்ட, ஏல் என்ற கடுங்கசப்புப் பியர் வகைகளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். அவை நல்ல பியர்தான், நம் கோழிக்கு முன்னால் வைக்க ஏற்றவை அல்ல. பாம்பேர்க் நகரத்துப் புகைப் பியரைப் பற்றியும் நீங்கள் படித்திருக்கக்கூடும். பீச் மர விறகின் புகையில் உலர்த்திய தானியத்தில் வடிப்பது அது. தணலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையும் குடித்தால் எல்லாமே புகையாகிவிடும் என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் உண்டு.

குளிரவைப்பது பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னது அத்தனையும் வீண். ஆடி மாதத்தில் கச்சான் வீசும் பகலில் கடையிலிருந்து வந்த போத்தல் 32, 33 பாகையில் இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் அது இறங்கப் பல மணித்தியாலம் எடுக்கும், அதுவும் கதவை ஆளாளுக்குத் திறந்துகொண்டே இருப்பார்கள். மீன் வாடிக்காரர்கள் செய்வதைச் செய்யுங்கள்: ஒரு பெரிய ரெஜிபோம் பெட்டி, உடைத்த ஐஸ், அது மூழ்குமளவுக்குத் தண்ணீர், இரண்டு மூன்று கை உப்பு. வெறும் ஐஸில் போத்தலைப் புதைத்தால் இடையில் காற்றுத்தான் நிற்கும். தண்ணீர் போத்தல் முழுவதையும் தொட்டுச் சூட்டை இழுக்கும். உப்பு அந்தத் தண்ணீரைப் பூச்சியத்துக்கும் கீழே கொண்டுபோகும். இருபது நிமிடத்தில் குடிக்கத் தயார். அந்த உப்பு ஐஸில் மணிக்கணக்காக விட்டுவிட வேண்டாம். பியர் பூச்சியத்துக்கு இரண்டு மூன்று பாகை கீழே உறையத் தொடங்கும், போத்தல் வெடிக்கவும் கூடும். லாகருக்கு 4 முதல் 7 பாகை நல்லது. ஸ்டவுட்டை அவ்வளவு குளிராகக் குடித்தால் அதன் மணம் முழுவதும் அடங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு பாகைதான் அதற்கு அழகு. நம் வெயிலில், பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் மேசையில் வைத்தால் அந்த நிலைக்கு வந்துவிடும். கிளாஸுக்குள் ஐஸ் போடுவதை நான் விரும்பவில்லை. போத்தலே சரியாகக் குளிர்ந்திருந்தால் அதற்குத் தேவையும் இல்லை. கிளாஸைக் கழுவும்போது சவர்க்காரமும் எண்ணெய்ப் பசையும் இல்லாமல் அலசுங்கள். இரண்டும் நுரையைக் கொன்றுவிடும், நுரை போனால் மணமும் போய்விடும்.

வாங்கும்போது போத்தலில் அச்சிட்ட திகதியைப் பாருங்கள். பியர் பழசாகப் பழசாக நல்லதாகும் பொருள் அல்ல. சூட்டில் கிடந்தால் ஈரக் கடதாசி மணம் ஏறிவிடும். வெளிச்சம் அதைவிட வேகமாகக் கெடுக்கும். சூரிய ஒளி பட்டால் ஹொப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து கந்தகம் கலந்த ஒரு துர்நாற்றப் பொருளாகிறது. வெயிலில் சில நிமிடங்களே போதும். கபிலநிறப் போத்தல் அந்த ஒளியைப் பெருமளவு தடுக்கும். பச்சைப் போத்தல் தடுக்காது. ஆகவே கடைக்கு வெளியே வெயிலில் அடுக்கிய பெட்டிகளில் இருந்து எடுக்க வேண்டாம். பச்சைப் போத்தல் பியரை முற்றத்து மேசையில் வரிசையாக நிறுத்தி வைக்கவும் வேண்டாம். சந்தேகம் என்றால் டின் வாங்குங்கள். அதற்குள் வெளிச்சமே புகாது. போயா தினத்தில் மதுக்கடைகள் பூட்டியிருக்கும் என்பதையும் விருந்து நாளைக் குறிக்கும் முன் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பியரைச் சமையலில் சேர்க்கலாமா என்ற உங்கள் துணைக் கேள்விக்கு: ஊறவைக்கச் சேர்க்கலாம், நன்றாகவே இருக்கும். 2014இல் போர்த்துக்கல் நாட்டு ஆய்வாளர்கள் பன்றி இறைச்சியைப் பியரில் நான்கு மணித்தியாலம் ஊறவைத்துக் கரித் தணலில் சுட்டுப் பார்த்தார்கள். கருகும்போது உண்டாகும் தீங்கான பல்வளைய ஐதரோகாபன்கள், கறுப்புப் பியரில் ஊறிய இறைச்சியில் 53 சதவீதம் குறைந்திருந்தன. சாதாரண பில்சன் வகையில் 13 சதவீதம். நல்ல செய்திதான், ஆனால் ஓர் ஆய்வு, ஒரு வகை இறைச்சி. இதை வைத்துக்கொண்டு கருகியதைப் பயமில்லாமல் சாப்பிடலாம் என்று யாரும் சொல்ல முடியாது. கொழுப்புத் தணலில் சொட்டித் தீ எழாமல் பார்த்துக்கொள்வது அதைவிடப் பயன் தரும். கோழியின் வயிற்றுக்குள் பியர் டின்னைச் செருகிச் சுடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோழியின் உள்பகுதி 74 பாகை வந்ததும் வெந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் பியர் அந்த நேரத்தில் கொதிநிலைக்குக் கிட்டவும் போவதில்லை, சுவையும் ஏறுவதில்லை. டின்னின் மேல் அச்சு மையும் உள்ளே பூச்சும் இருக்கின்றன. சுடும்போது இறைச்சியின் மேல் பியரை ஊற்றுகிறவர்களும் உண்டு. தணல் அவிந்து சாம்பல் பறந்து இறைச்சியில் ஒட்டும், வேறு எதுவும் நடக்காது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் பகுதியில் முற்றத்தில் விருந்து வைத்தால் காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் நண்பர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். சமைத்தால் அற்ககோல் முழுவதும் ஆவியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியல்ல. கால் மணித்தியாலம் கொதிக்கவைத்த பிறகும் சேர்த்ததில் ஏறக்குறைய 40 சதவீதம் தங்கியிருப்பதாக அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணை சொல்கிறது. எனவே பியரில் ஊறிய இறைச்சி, ஹலால் இறைச்சி இரண்டுக்கும் தனித்தனிக் கம்பிவலை, தனித்தனி இடுக்கி, தனித்தனித் தூரிகை வையுங்கள். முடிந்தால் தனி அடுப்பே வையுங்கள். பன்றி சுடுவதாக இருந்தால் இது இன்னும் கட்டாயம். அற்ககோல் நீக்கிய பியரை அவர்களுக்கென்று நீங்களாகவே முடிவுசெய்து வாங்கி வைக்காதீர்கள். சிலருக்கு அதுவும் கூடாது. எலிபன்ட் ஹவுஸ் இஞ்சிப் பியரை நன்றாகக் குளிரவைத்துக் கொடுங்கள். பெயரில் பியர் இருந்தாலும் அது சோடா வகை. இனிப்பும் இஞ்சியும் சேர்ந்து, பாணி தடவிய இறைச்சிக்கு ஸ்டவுட்டுக்கு இணையாக நிற்கும். உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் கொடுவாவுக்கு மிக நல்லது. மோட்டார் சைக்கிளில் வந்தவருக்கும், 21 வயது ஆகாத பிள்ளைகளுக்கும், நீரிழிவு அல்லது இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் பெரியவர்களுக்கும் இதே பானங்களைத் தாராளமாக வையுங்கள். மாத்திரையோடு எவ்வளவு குடிக்கலாம் என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், நான் சமையற்காரன்.

கள்ளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அனுமதி பெற்ற தவறணையில் காலையில் இறக்கிய கள் கிடைக்குமானால், மீனுக்கு அதை வாங்குங்கள். பாளையில் இருக்கும்போதே நொதிக்கத் தொடங்கி, இனிப்பும் மெல்லிய புளிப்புமாக இருக்கும். அந்தப் புளிப்பு, மீன் மேல் தேசிக்காய் பிழிந்த வேலையைச் செய்துவிடும். மாலைக்குள் புளிப்பு ஏறிவிடுவதால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் அது சரி. தம்பிக்குக் கனடாவில் எந்தக் கடையிலும் கிடைக்காததும் அதுதான்.

எவ்வளவு வாங்குவது? குடிக்கிறவர் ஒருவருக்கு 330 மில்லிலீற்றர் லாகர் டின் இரண்டு, ஸ்டவுட் ஒரு சின்னப் போத்தலை இரண்டு பேருக்கு ஒன்று. சாப்பாட்டைச் சுவைக்க இது போதும். அதற்கு மேல் போனால் நாக்கு எதையும் பிரித்தறியாது. வரிசையும் முக்கியம்: லாகரோடு மீனும் கணவாயும் முதலில், பிறகு கோழி, ஸ்டவுட்டோடு இறாலும் மாட்டிறைச்சியும் கடைசியில். முதலிலேயே ஸ்டவுட்டைத் திறந்துவிட்டால் அதன் பின் லாகர் தண்ணீர் மாதிரித் தெரியும். சாப்பாடு முடிந்து யாராவது வட்டிலப்பம் கொண்டுவந்தால், அதற்கென்று கொஞ்சம் ஸ்டவுட்டை மிச்சம் வைத்திருங்கள். சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் ஏலமும் வறுத்த தானியமும் சேர்வதைக் குடிப்பவர்கள் ஒரு முறையாவது சுவைக்க வேண்டும். திறந்த போத்தலில் மீந்துபோனது மறுநாள் குடிக்க உதவாது, குமிழி போயிருக்கும். அதை மாட்டிறைச்சிக் குழம்பில் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றி, மெல்லிய நெருப்பில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். ஸ்டவுட்டாக இருந்தால் ஒரு கோப்பைக்கு மேல் ஊற்ற வேண்டாம், வற்றும்போது கசப்புக் கூடும்.